விட்டில் இறக்கையும் வீட்டுச் சாவியும்

"அய்யய்யோ, இதுல எது மேட்டு விட்டில், எது பள்ளத்து விட்டில்?"

இரண்டு பெட்டிகளையும் கொட்டிவிட்டு வீரப்பன் திருதிருவென்று விழித்தார். கொட்டியவரும் அவர்தான், வேண்டுமென்றேதான்.

எல்லாம் வீட்டுக்காக. தோட்டத்தில் வேலை உள்ளவரைதான் தோட்டம் கொடுத்த லயத்து வீடு. ஓய்வு பெற்றவருக்கு மிச்சமிருந்த ஒரே வேலை, பூச்சி ஆராய்ச்சி செய்யும் டாக்டர் யுவனேஸ்வரிக்கு விட்டில் பிடிப்பது. காற்று பலமாக அடிக்கும் மேட்டில் இறக்கை குட்டை, பள்ளத்தில் நீளம். அதை அளந்து, மலையில் காற்று ஓடும் வழியைக் கணினியில் கணக்காகப் போடுகிறாள் அந்தப் பிள்ளை. கணக்கு முடிந்தால் வீட்டுச் சாவியைத் தோட்ட ஆபீஸ் எழுத்தரான கிராணியிடம் கொடுத்தாக வேண்டும்.

மனைவி பாஞ்சாலை கண்மூடிய வீடு அது. அடுப்படிச் சுவரில் அவள் எண்ணெய்க் கை பட்ட கறைக்காக, வெள்ளையடிக்க வந்தவனையே விரட்டியடித்தவர் மனுஷன்.

முந்தின மாதம் பெட்டிச் சீட்டுகளை மாற்றி ஒட்டினார்.

"என்ன அங்கிள், காத்து கீழேருந்து மேல ஏறுது? சரிலா, இன்னும் ஒரு மாசம் புடிங்க," என்றாள் டாக்டர்.

மனசு உறுத்தியது. சரிக்கட்டுகிறேன் பேர்வழி என்று, மேட்டுச் சீட்டு ஒட்டிய பெட்டியின் நீள இறக்கைகளை வெட்டக் கத்தரியை எடுத்தார். இரண்டு பெட்டியிலும் எல்லா இறக்கையும் குட்டையாகிவிட்டது.

"மலை பூரா புயல் அடிக்குதே அங்கிள்!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவள் கண் கலங்கியிருந்ததை வீரப்பன் பார்த்துவிட்டார். இன்றைக்குப் பெட்டிகளைக் கொட்டியது மூன்றாவது திருட்டுவேலை. 'சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா? பெத்த மகள் மாதிரிப் பிள்ளை படிப்புல மண்ணப் போடுறியே!'

நேரே ஆபீசுக்கு நடந்தார்.

"கிராணி ஐயா, பூச்சி வேலைய நிப்பாட்டுங்க. நான்தான் எல்லாத்தையும் கெடுக்கிறேன்."

கிராணி மாடசாமி நிமிர்ந்தார். "அப்ப வீடு?"

வீரப்பன் சாவியை மேசைமேல் வைத்தார். "பாஞ்சால, மன்னிச்சுக்கடி," என்று அத்தனை பேர் முன்னாலும் அழுதார். கிராணி அந்த வீட்டுக்கு அடுத்த குடும்பத்தின் பேரை அப்போதே எழுதிவிட்டார்.

வாசலில் டாக்டரின் ஜீப் ஓட்டுநர் தர்மா, கையில் ஒரு கடிதத்தோடு ஏறி வந்தான். வீரப்பன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"சாவியக் குடுத்துட்டேன்பா. இனிமேயாவது அந்தப் பிள்ள கணக்கு நல்லபடியா முடியட்டும்."

தர்மா தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஐயோ, என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க! அந்தக் கணக்கு போன வருஷமே முடிஞ்சிருச்சுலா. உங்க வீடு போயிடக் கூடாதுன்னுதான் டாக்டர் மாசாமாசம் 'இன்னும் முடியல'ன்னு கிராணிக்கு லெட்டர் குடுத்து விடுறாங்க."