நெல்லிக்காய் பூமியும் மாம்பழ நெப்டியூனும்

"பூமிய நெல்லிக்காயா சுருக்கினா, நிலா எம்புட்டு இருக்கும் மேடம்?" என்று கல்லூரிப் பேருந்தில் கேட்டார் கௌதம்ராஜ் சார்.

"எம்புட்டு?"

"சுண்டைக்காய். ரெண்டு முழம் தள்ளி."

பிரபஞ்ச வரலாற்றின் பொன்னான நேரம் அது. வேறொருவராக இருந்தால் என் பெயரை விசாரித்திருப்பார். இயற்பியல் பேராசிரியர், நிலாவை விசாரித்தார். அதன்பின் ஐந்து வருடங்களில் வியாழன் பூசணிக்காய் ஆனது, செவ்வாய் கோலிக்குண்டு ஆனது. நான் மட்டும் கணிதத்துறை சிவரஞ்சனி மேடமாகவே இருந்தேன்.

போன திங்களன்று, "வெள்ளிக்கிழமை என்னைப் பொண்ணு பாக்க மெட்ராஸ்ல இருந்து வாராங்க" என்று அவரிடம் சொன்னேன்.

"மெட்ராஸா! நம்ம அளவுல அது புளூட்டோவையே தாண்டிப் போயிருமே!" என்று பரவசப்பட்டார். எப்பேர்ப்பட்ட அறிவு!

மறுநாள் கல்லூரியின் 'சூரியக் குடும்ப அமைப்புக் குழு' கூடியது. குடும்பம் அமைப்பதில் சாருக்கு அம்புட்டு அக்கறை. அவருடைய நெல்லிக்காய் அளவிலேயே சாலை நெடுகக் கோள்களின் மாதிரிகளை வைப்பது திட்டம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருமுனையில் சூரியன். பதினோரு கிலோமீட்டர் தள்ளி, ராஜபாளையத்தில் சார் வீட்டு வாசலில் நெப்டியூன்.

துறைத்தலைவர் முத்துராமலிங்கம் ராஜபாளையத்துக்காரர். கொதித்தார். "சூரியன் அவிய ஊருக்கா? எங்க ஊரு என்ன எளச்ச ஊரா?"

"நாங்க தேர் இழுக்கிற ஊரு சார், சூரியனையும் இழுத்துருவோம்" என்றார் வேதியியல் காளீஸ்வரி மேடம். "உங்களுக்குத்தான் சப்பட்டை மாம்பழம் இருக்கே. நெப்டியூன் சரியா அந்த அளவுதான்."

மாதிரி நெப்டியூன் தலைவரின் பரிசீலனைக்கு வைக்கப்பட்டது. தேநீர் வருவதற்குள் கொட்டை மட்டும் மிஞ்சியது. 'நெப்டியூன் இனிப்பானது' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

கௌதம்ராஜ் சார் எழுந்தார். "இந்த அளவுல, வெளிச்சமே மணிக்கு ரெண்டரை கிலோமீட்டர்தான் போகும். நெப்டியூனுக்கு வந்துசேர நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும்."

"எங்க வீட்டு நாயி அதவிட வேகமா ஓடுமேய்யா!" என்றார் தலைவர். ஒளியை முந்திய முதல் ராஜபாளையம் நாய்க்குக் குழு கைதட்டிப் பாராட்டு தெரிவித்தது.

"வேற யாரும் எதுவும் பேசணுமா?" என்று கேட்டார் தலைவர்.

எழுந்தேன். கௌதம்ராஜ் சார் பக்கம் திரும்பினேன்.

"சார், வெளிச்சம் ஆடி அசைஞ்சு நடந்தாலும் எங்க தெருவுல இருந்து உங்க வீட்டுக்கு நாலு மணி நேரத்துல வந்துரும்னு கண்டுபிடிச்சீக. பஸ்ஸுல அரை மணி நேரம். உங்க வீட்டுல இருந்து எங்க வீட்டுக்கு வர உங்களுக்கு அஞ்சு வருஷம் பத்தல. வெள்ளிக்கிழமைக்கு முந்தி, உங்க அம்மாவக் கூட்டிக்கிட்டு என்னையப் பொண்ணு கேட்டு வாரீகளா, இல்லையா?"