கம்பெனி பேர் இல்லாத கம்ப்யூட்டர்

உலகத்தில் சமத்துவம் பிறந்த இடங்கள் மூன்று. மூன்றாவது, சங்கராபுரம் வட்டாரக் கரும்பு விவசாயிகள் முன்னேற்றச் சங்கத்தின் கூட்ட அறை. மற்ற இரண்டும் எவை என்று சங்கத் தலைவர் தனசேகரனுக்கு நினைவில்லை. அவர் அங்கெல்லாம் தலைமை தாங்கவில்லை.

1987-ஆம் வருடக் கடைசி அது. இட ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில் வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் இன்னும் சாலையோரம் கிடந்தன. ஒவ்வொரு மரத்தைத் தாண்டும்போதும் தலைவர் ஜீப்பில் இருந்தவர்களுக்கு அறிவூட்டிக்கொண்டே வந்தார். "பொறப்பச் சொல்லி வேலை கேக்கறது இன்னா நாயம்? தகுதியச் சொல்லிக் கேளு."

அன்றைய கூட்டத்துக்கு இரண்டு பொருள்கள். ஒன்று, கம்ப்யூட்டர் வாங்குவது. இரண்டு, தட்டச்சர் மெர்லினை நிரந்தரமாக்குவது.

மெர்லின் ஏழு வருடமாகத் 'தற்காலிகம்'. ஓய்வுபெற்றுப் போன தட்டச்சரின் வேலை முழுவதும் அவளுடையது, அவருடைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கும் அவளுடையது. மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விட்டுவிட்டு, விழுப்புரத்துக்கு பஸ் ஏறிப்போய்க் கம்ப்யூட்டர் படித்து வந்தாள். வேலை நிரந்தரமானால், கேரளாவில் கல்லுடைக்கும் புருஷன் எட்வினை ஊருக்கு வரச்சொல்லி அன்றைக்கே கடிதம் போட்டுவிடலாம்.

மேஜைமேல் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று பெரிய கம்பெனியுடையது. மற்றது அதைப் பார்த்து மதராஸ் கடையில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியது. விலையில் மூன்றில் ஒரு பங்கு. கொண்டுவந்தவர் கடைக்காரர் அறிவுச்செல்வன்.

உறுப்பினர் சின்னராசு மலிவுப் பெட்டியைச் சுற்றி வந்தார். "இதுக்கு அப்பன் ஆத்தா யாருங்க?"

"யாரும் இல்லீங்க. நாங்களே பூட்டினது."

"குடும்பம் தெரியாத பொட்டிய எப்பிடிங்க உள்ள வுடறது?" என்றார் தலைவர், வருத்தத்தோடு.

அறிவுச்செல்வன் இரண்டு பெட்டிகளின் மூடியையும் கழற்றினார். பெண் பார்க்கப் போனவர்களைப் போல உறுப்பினர்கள் வரிசையாக வந்து எட்டிப் பார்த்தார்கள். இரண்டுக்குள்ளும் ஒரே தைவான் சாமான். மெர்லின் ஒரே உறுப்பினர் பட்டியலை இரண்டிலும் அடித்துக் காட்டினாள். இரண்டும் சமர்த்தாக ஒன்றுபோலவே வேலை செய்தன.

"அப்ப ஜாஸ்தி வெல எதுக்கு?" என்றார் சின்னராசு.

"பேருக்குங்க."

தலைவர் எழுந்தார். பெரிய மனிதர்கள் மனம் மாறும்போது நின்றுகொண்டுதான் மாறுவார்கள். "எழுதிக்கம்மா" என்றார். மெர்லின் மலிவுப் பெட்டியிலேயே அடித்தாள்:

'தீர்மானம் ஒன்று. அதே வேலையைச் செய்வதாலும், செலவு கம்மி என்பதாலும், எந்தக் குடும்பத்தில் வந்தது என்று பார்ப்பது நவீன காலத்துக்கு அழகல்ல என்பதாலும், மேற்படி கம்ப்யூட்டரை வாங்குவதென ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது.'

கைதட்டல் எழுந்தது. சின்னராசுவுக்குக் கண் கலங்கிவிட்டது. மெர்லினுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த மூன்று காரணமும் தன்னைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது. மனசுக்குள் எட்வினுக்குக் கடிதத்தின் முதல் வரியைத் தொடங்கிவிட்டாள்.

"தீர்மானம் ரெண்டு" என்றார் தலைவர். "நிரந்தரத் தட்டச்சர் வேலைக்கு எம் மச்சான் மவன் பழனி. தெரிஞ்ச குடும்பம். அவனுக்குக் கம்ப்யூட்டர் கத்துக்குடுக்கற பொறுப்பு மெர்லினுக்கு. அது தற்காலிகமாவே இருக்கட்டும்."

மெர்லினின் விரல்கள் நின்றன. ஏழு வருடத்தில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் வாய் திறந்தாள்.

"ஐயா, நானும் அதே வேலையத்தான் செய்யறேன். செலவும் கம்மிதான். மொதத் தீர்மானத்துல சொன்ன காரணத்தையே எனக்கும் போட்டுக்கலாமுங்களா?"

தலைவருக்குக் கோபம் வரவில்லை. சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவது போலப் பொறுமையாகச் சொன்னார்:

"இன்னாம்மா நீ. அது மெஷினு. பொறப்புப் பாக்கறதுக்கு அது இன்னா மனுசனா?"

மெர்லின் அதையும் ஒரு சொல் விடாமல், தலைவர் பெயரோடு தீர்மானத்தில் அடித்தாள். உறுப்பினர்கள் அனைவரும் ஒருமனதாகக் கையெழுத்துப் போட்டார்கள்.