முட்டை தின்ற முயல்கள் நலம்

சேசு மரி சூசை துணை

சாந்தோம், சென்னை
2-4-1947

மகா கனம் பொருந்திய எங்கள் மாப்பிள்ளை டாக்டர் ஸ்தனிஸ்லாஸ் அவர்களுக்கு, மாமனார் ராஜநாயகம் சர்வேசுரன் கிருபையை வேண்டி எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை வெரோனிகா, முயல்கள் பன்னிரண்டில் ஒன்பது, எல்லோரும் சௌக்கியம். மீதி மூன்றின் விவரம் கீழே வருகிறது. பம்பாயில் தாங்களும் மகள் அல்போன்சாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன தை மாதம் லஸ் முனையில் டிராமைப் பிடிக்க ஓடி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்தேன் அல்லவா? அன்று தாங்கள் என்ன செய்தீர்கள்? சாப்பாட்டு மேசை விரிப்பிலே பென்சிலால் படம் போட்டீர்கள். இரத்தக் குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து படிந்து, கார்ப்பரேஷன் குழாயில் துரு ஏறுகிற மாதிரி வழி குறுகிப்போகும், ஒருநாள் இருதயத்துக்கு ரத்தம் போகாமல் ஆள் காலி என்றீர்கள். அந்தப் படம் சலவைக்குப் போட்டும் போகவில்லை என்று உங்கள் அத்தை இன்றைக்கும் முணுமுணுக்கிறாள். அது போகட்டும். அதோடு என் முட்டையை நிறுத்தினீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முப்பத்தோரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், நிரூபணம் எங்கே என்று கேட்டேன். "இது இன்னும் ஆராய்ச்சியிலேதான் இருக்கு மாமா. முயல்கிட்ட பார்த்துடுவோம். முட்டை தின்ன முயலோட குழாய் சுத்தமா இருந்தா, நானே உங்களுக்கு ஆம்லெட் போட்டுத் தரேன்" என்று சொன்னீர்கள். அல்போன்சா சாட்சி.

உங்கள் மெடிக்கல் காலேஜ் முயல் கொட்டகைக்கு ஓடு மாற்றுகிறார்கள் என்று பன்னிரண்டு முயலையும் என் தலையில் கட்டிவிட்டு பம்பாய்க்கு ரயில் ஏறினீர்கள். காதில் நீலம் வைத்த ஆறுக்கு வேகவைத்த மஞ்சள் கரு, நீலம் வைக்காத ஆறுக்கு வெறும் கீரையும் தவிடும். சரி என்றேன். மறுநாள் விபூதித் திருநாள், நாற்பது நாள் நோன்பான தபசுகாலம் ஆரம்பம். கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்த உங்கள் அத்தை, கூடையில் முட்டையைப் பார்த்தாள். அவ்வளவுதான். "ஆண்டவர் உயிர்த்தெழுற பாஸ்கு வரைக்கும் இந்த வீட்டு வாசப்படியை முட்டை தாண்டாது. மனுஷனா இருந்தா என்ன, முயலா இருந்தா என்ன? இந்த வீட்டுத் தண்ணியைத்தானே குடிக்குது? அதுவும் முட்டை, மாமிசம் தொடாம சுத்தபோசனம் இருக்கட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தங்கள் ஆராய்ச்சி முதல் நாளே கவிழ்கிறதே என்று நான் பதறிப்போய்ப் பங்குச் சுவாமியாரிடம் ஓடினேன். அவர் தாடியைத் தடவியபடி, "அதுங்க ஞானஸ்நானம் வாங்கினதா?" என்று கேட்டார். இல்லை சாமி என்றேன். "பின்னே என்ன? ஞானஸ்நானம் இல்லாத ஜீவனுக்கு ஒருசந்தியும் இல்லை, சுத்தபோசனமும் இல்லை. முயல் தின்னட்டும். நீர் தின்னாமல் இருந்தால் போதும்" என்றார்.

சாமியார் வார்த்தைக்கு மறுவார்த்தை ஏது? ஆனால் என் கையும் படாது, என் அடுப்பும் படாது என்று உங்கள் அத்தை ஒதுங்கிக்கொண்டாள். ஆகவே பின்கட்டுக் கொட்டகையில் ஒரு கரி அடுப்பை மூட்டி, அடுத்த தெரு அன்வரி பேகம் வீட்டுக் கோழி முட்டைகளை நானே தினமும் மூன்று வேகவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பரிமாறினேன். சாத்தியது முயல்களுக்குக் கவனம் சிதறாமல் இருக்க. மிளகும் உப்பும் சேர்த்தது அவற்றுக்குச் சளி பிடிக்காமல் இருக்க. இதற்கிடையில் நீலக்காது முயல் ஒன்று வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டுப் பஞ்சாட்சரம் பூஜை அறைக்குள் புகுந்துவிட்டது. "ஐயா, பிள்ளையாருக்குச் சாத்தின அருகம்புல் மாலை பூராவையும் தின்னுட்டு, அவரை வெறுங்கழுத்தா உக்கார வச்சிடுச்சு உங்க முயல்" என்று அவர் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். மூக்குமுட்ட மஞ்சள் கரு தின்கிற முயல் புல்லுக்கு ஏன் இப்படிப் பறந்தது என்று கேட்காதீர்கள், மிருக சுபாவம். உங்கள் அத்தைக்கு வேறொரு சந்தேகம். "எல்லாரும் தபசுகாலத்திலே கருவாடாக் காயறாங்க. உங்களுக்கு மட்டும் கன்னம் உப்பிக்கிட்டு வருதே, அது எப்படி?" என்கிறாள். ஆராய்ச்சிக்குத் தொண்டு செய்தால் முகம் தெளியும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி முக்கிய சமாசாரம். உங்கள் பெரிய டாக்டர் உத்தரவுப்படி, காலேஜ் அட்டெண்டர் ஹபீபுர் ரஹ்மான் சென்ற வாரம் வந்து நீலக்காது மூன்றை எடுத்துப்போனார். அறுத்துப் பார்த்துவிட்டு நேற்று வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "இன்னா சார் இது! அஞ்சு வாரமா முட்டை துன்ன முயல் மாதிரியே இல்லை. குழாயைப் பொளந்து பார்த்தா கண்ணாடி கணக்கா கீது. ஒரு பொட்டு கொழுப்பு இல்லை. நம்ம டாக்டர் ரெண்டு வருசமா எழுதிக்கினு இருந்தது அத்தினியும் வேஸ்ட்டா பூடும் போல கீதே! பட்டத்துக்குப் போட்ட மனுவை நிறுத்தி வைன்னு பெரியவரு சொல்லிட்டாரு சார்" என்று வருத்தப்பட்டார். எனக்கும் வருத்தம்தான். இருந்தாலும் நிரூபணம் நிரூபணம்தானே? முட்டை நிரபராதி. தங்கள் கொள்கை தவறு. படித்தவர்கள் தவறை ஒப்புக்கொள்வதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆகவே பாஸ்கு காலையில் எனக்கு ஆம்லெட் கொடுக்கலாம் என்று அத்தைக்கு ஒரு வரி, டாக்டர் என்று கையெழுத்திட்டு, திரும்பு தபாலில் அனுப்பக் கோருகிறேன்.

தேவமாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. அல்போன்சாவுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன்,
ராஜநாயகம்

பி.கு.: இதைத் தபாலில் போடப் போகிற வழியில், பாஸ்கு வருகிறதே என்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் கேட்ட சுவாமியார், "தபசுகாலத்திலே முட்டை தின்னது ஒரு பாவம். தின்னதை முயல் பேரிலே எழுதினது அதைவிடப் பெரிய பாவம். மருமகனுக்கு உண்மையை எழுதிப் போட்டுவிட்டு வாரும், அப்புறம் மன்னிப்பு" என்று அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை, முதல் நாள் முயல் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கொட்ட மனசு வரவில்லை. ஒரு வாய்தான் என்று ஆரம்பித்தேன். நாற்பத்து மூன்று நாளும் மூன்று மூன்றாக நானேதான் தின்றேன். பன்னிரண்டு முயலும் தின்றது கீரையும் தவிடும் மட்டுமே. தங்கள் எழுத்தில் ஒரு வரியையும் கிழிக்க வேண்டாம். பெரிய டாக்டருக்கு இந்தக் கடிதத்தையே காட்டுங்கள், என் மானம் போனால் போகிறது.

கோயிலிலிருந்து வரும்போது, அன்று லஸ்ஸில் பிடித்த அதே நெஞ்சுவலி மறுபடி பிடித்தது. இந்தத் தடவை நான் ஓடக்கூட இல்லை. வெரோனிகாவிடம் சொல்லவில்லை. மேலே ஒரு பக்கம் முழுக்கத் தங்கள் கொள்கை தவறு என்று வாதாடியிருக்கிறேன். அது தவறாகவே இருக்க வேண்டும் என்றுதான் இப்போது முழங்காலில் நின்று வேண்டுகிறேன். பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. சீக்கிரம் வாங்க.