ஏலக்காய்க் கடிதமும் என் பணிநீக்கமும்

ஒரு கடிதத்தில் விஷயம் முழுவதும் இருக்க வேண்டும் என்று நம்பிய கடைசி முட்டாள் நான். இதை ஒப்புக்கொள்ளும்போது இன்றும் ரத்தம் கொதிக்கிறது.

என் மகள் ஷமீமா மட்டாஞ்சேரியில் ஒரு கிடங்கு அறை எடுத்து, இணையத்தில் ஏலக்காய் விற்றுவந்தாள். பெருநாளுக்குள் சரக்கு போகாவிட்டால் கடையை மூடிவிட்டு, விடுமுறையில் வந்திருந்த கணவன் நிசாருடன் துபாய்க்குப் போய்விடுவது என்று முடிவாகியிருந்தது. கடைசி முயற்சியாக வாடிக்கையாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல். அன்று பார்த்து அவளுக்குக் காய்ச்சல்.

"அத்தா, எழுதி வச்சிருக்கேன். அனுப்புற பட்டனை மட்டும் அமுக்குங்க, மதி."

(மலையாளத்தில் 'மதி' என்றால் 'போதும்'. எனக்குப் போதவில்லை.)

படித்தேன். 'மூன்றே பெட்டிகள்! இன்று மட்டும்! ரகசியத்தை அறிய கிளிக் செய்யவும்.' கிடங்குக்குப் போய் எண்ணினேன். எண்பத்தாறு பெட்டி.

"என்ன ரகசியம் மாப்ளே? ஏலக்காய்தானே?"

"அதச் சொல்லிட்டா யாரு மாமா கிளிக் பண்ணுவா? எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்க" என்றான் நிசார்.

"எல்லாரும் செஞ்சா மோசடி நடைமுறை ஆயிருமோ?"

அரசுக் கோப்புகளில் ஒரு கால்புள்ளிகூடப் பொய்யாக வைக்காதவன் நான். (பதவி உயர்வும் அதற்கேற்பவே கிடைத்தது.) கோபத்தோடு திருத்தினேன். இருப்பு, தரம், விலை எல்லாம் சேர்த்தேன். 'அவசரம் தேவையில்லை. கீழேயுள்ள பொத்தானை அழுத்துவது கட்டாயமல்ல. இக்கடிதம் கிடைத்ததை உறுதிசெய்து பதில் அனுப்பவும்.' அனுப்பிவிட்டுத் திருப்தியாக ஒரு சாயா குடித்தேன்.

மறுநாள் காலை ஷமீமா போர்வையோடு வந்து கணினியைத் திறந்தாள்.

"அத்தா, இத்தனை பேரு பதில் போட்டிருக்காங்களே."

"முறையா எழுதினா முறையா பதில் வரும்."

ஒவ்வொன்றாகத் திறந்தாள். 'கிடைத்தது.' 'கிடைத்தது, நன்றி.' ஆலுவாக்காரர் ஒருவர் கையொப்பமிட்ட நகல் கேட்டிருந்தார். கிளிக் செய்தவர் ஒருவருமில்லை.

அவள் திட்டவில்லை. "துபாய்ல இப்ப வெயில் ஜாஸ்தியா?" என்று நிசாரிடம் கேட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே இரண்டாவது மின்னஞ்சலைத் தட்டினாள்: 'முந்தைய கடிதம் ரத்து. அதை எழுதிய என் தந்தை பணிநீக்கம் செய்யப்பட்டார். காரணம் அறிய கிளிக் செய்யவும்.'

அப்பழுக்கில்லாமல் ஓய்வு பெற்றவனுக்கு, ஓய்வுக்குப் பின் பணிநீக்கம். விசாரணை கிடையாது, விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ்கூடக் கிடையாது. வீடு அதிரக் கத்தினேன். மதியத்துக்குள் வாடிக்கையாளர் பாதிப்பேர் கிளிக் செய்திருந்தார்கள். நானும் செய்தேன். என் காரணம் எனக்குத் தெரிய வேண்டாமா? உள்ளே மாலையும் கழுத்துமாக என் ஓய்வு விழாப் படம். அடியில், 'இருப்பைப் பற்றி உண்மை சொன்ன குற்றம். எண்பத்தாறு பெட்டியும் இதோ.'

பெருநாளுக்கு முன்பே கிடங்கு காலி. நிசார் தனியாகத்தான் விமானம் ஏறினான்.

ஷமீமாவின் போனில் என் பெயர் இன்றும் 'டிஸ்மிஸ் அத்தா'. பிராட்வே கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள்கூட நிறுத்திக் கேட்கிறார்கள்: "இக்கா, மகளே உங்கள வேலைய விட்டு எடுத்துட்டாளாமே. என்ன காரணம்?"

அவர்களிடம் நான் காரணம் சொல்வதில்லை. "கிளிக் பண்ணிப் பாருங்க" என்று எரிந்து விழுந்துவிட்டு நடக்கிறேன். அன்று அவளுக்கு ஓர் ஆர்டர் கூடுதலாக வருகிறது.