காபி கொடுத்த வீட்டுக்கு உதவியில்லை

ஏழு மலைக்கு அப்பால் ஈச்சநாடு என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டு மன்னருக்கு இளகிய மனசு. மக்களுக்கு அதுதான் பெரிய ஆபத்து. நன்றாகப் படித்தும் பணமில்லாத பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரிக் கட்டணத்தை அரண்மனையே கட்டும் என்று ஒருநாள் முரசறைவித்தார்.

யார் ஏழை என்று கண்டுபிடிப்பது எப்படி? கேட்டால் எல்லோரும் ஏழை என்றுதான் சொல்வார்கள் என்று கல்வி அமைச்சர் கவலைப்பட்டார். பிறகு அவருக்கு ஞானம் பிறந்தது.

"வாயை நம்ப வேண்டாம் மன்னா, அடுப்பை நம்புவோம். நமது அதிகாரி திடீரென்று வீட்டுக்குப் போவார். அவரை உபசரிக்க வக்குள்ள வீடு, கட்டணம் கட்டவும் வக்குள்ள வீடு."

சபை கைதட்டியது.

சுங்கச்சாவடிக் காவலர் கடம்பனின் மகள் குழலி நாட்டிலேயே மூன்றாவதாகத் தேறியிருந்தாள். அப்பாவின் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போய்விடும். கல்லூரிக் கட்டணத்தை நினைத்தாலே அவருக்குத் தலை சுற்றும். அதிகாரி வந்து நின்றபோது அம்மா செண்பகம் என்ன செய்வாள், பாவம்? வாசலுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை. பக்கத்து வீட்டில் பாலும் சர்க்கரையும் இரவல் வாங்கி, நுரை பொங்கக் காபி ஆற்றிக் கொடுத்தாள். அதிகாரி சொட்டு விடாமல் குடித்தார். வசதியான குடும்பம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து ஆலைகளின் அதிபர் வீட்டில் நாய்தான் அவரை வரவேற்றது. வெளிக்கதவே திறக்கவில்லை. வெயிலில் நின்றவருக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. இப்படியொரு வறுமையைத் தன் சேவைக்காலத்தில் கண்டதில்லை என்று அவர் சபையில் கண்கலங்கினார். அதிபரின் மகன் அரண்மனைச் செலவில் டாக்டருக்குப் படிக்கப் போனான். வயிறு எரிகிறதா? எரியட்டும், இன்னும் இருக்கிறது.

விஷயம் பரவி, மறுவருடம் ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. அதிகாரிகள் பட்டினி கிடந்து திரும்பினார்கள். உடனே சட்டம் திருத்தப்பட்டது. விருந்தினரை மதிக்காத வீட்டுக்கு இனி உதவி கிடையாது. மதித்து உபசரிக்கும் வீட்டுக்கும், பழைய சட்டப்படி, கிடையாது. இரண்டுக்கும் நடுவில் எப்படி நிற்பது என்று யாரும் அமைச்சரைக் கேட்கவில்லை. கேட்டவர்கள் ஊரில் இல்லை.

அந்தச் சட்டத்தோடுதான் அதிகாரி மறுபடி கடம்பன் வீட்டுக்கு வந்தார். வயது வரம்புப்படி குழலி கல்லூரியில் சேர அதுவே கடைசி வருடம். அவளே வாசலில் நின்று கேட்டாள்.

"அய்யா, உங்களுக்கு என்ன குடுத்தா எங்கள ஏழைன்னு சொல்லுவீங்க?"

அதிகாரி செண்பகத்தின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்று போட்ட தோடு அது. அந்த வீட்டில் பொன் என்று வேறெதுவும் கிடையாது. அவளுக்குப் புரிந்தது. கழற்றினாள்.

"எம்பொண்ணு படிச்சாப் போதும் சாமி."

அவர் அதை வாங்கி, எடை பார்ப்பவர் மாதிரி உள்ளங்கையில் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, மடியில் முடிந்துகொண்டார். நல்லது நடக்கும் என்றும் சொன்னார்.

மூன்றாம் நாள் சபையில் முடிவை அறிவித்தார்கள். கடம்பன் தன் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் நின்றிருந்தார்.

"கடம்பன் குடும்பத்துக்கு உதவி மறுக்கப்படுகிறது," என்றார் அதிகாரி. "வீட்டில் தங்கம் இருந்ததை நான் என் கண்ணாலேயே பார்த்தேன்."