நான் சாகவில்லை என்பது குறித்து சம்பந்திக்கு

மரியாதைக்குரிய அரூர் சம்பந்தி நவநீதன் அவர்களுக்கு, நல்லம்பள்ளி நஞ்சப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். இதை இந்த முறை சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை, தகவலாகவே எழுதுகிறேன்.

என் டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ரிசஸிடேஷன்’ என்று இருந்ததை உங்கள் பங்காளி போனில் தேடிப் பார்த்து, ‘உயிர்ப்பித்தல்’ என்று படித்துக்காட்டினாராம். உயிர்ப்பித்தார்கள் என்றால் முதலில் செத்திருக்க வேண்டும், பெண் வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷம் நல்ல காரியம் ஆகாது, ஆவணிக் கல்யாணத்தைத் தள்ளிவையுங்கள் என்று சொல்லியனுப்பிவிட்டீர்கள். நீங்கள் உங்கள் அப்பா பேச்சைத் தவிர வேறு யார் பேச்சையும் கேட்டதில்லை என்பது ஊருக்கே தெரியும். அவர் காலமாகி நாலு வருஷம் ஆகிவிட்டதால் நானே எழுத வேண்டியதாயிற்று.

நடந்தது இதுதான். தக்காளிப் பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். மூச்சில்லை, நாடியில்லை. நர்சிங் முடித்த என் மகள் காவியா ஓடிவந்து, “அப்பா, அப்பா” என்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு, மூன்றாம் முறை கூப்பிடாமல் என் நெஞ்சின் மேல் கையை வைத்து அழுத்த ஆரம்பித்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை எட்டு நிமிஷம் நிறுத்தவில்லை. அதற்குள் என் மச்சான் மாதவராஜ், நிச்சயதார்த்த போட்டோவிலிருந்து என் தலையை மட்டும் வெட்டியெடுத்துக் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டான். ஆம்புலன்சில் நெஞ்சுக்குக் கரண்ட் வைத்ததும் எனக்கு நாடி வந்துவிட்டது, அவனுக்கு பேனரும் வந்துவிட்டது. அது இப்போது தக்காளிப் பெட்டிகளை மூடக் கிடக்கிறது. நீங்கள் ரோஜா மாலையோடு பஸ்சில் வந்திறங்கியதையும் நான் தப்பாக எடுத்துக்கலீங்க. எருமை அதைத் தின்றுவிட்டது.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன். “நின்னது இதயந்தாங்க, ஆளு போகல. நின்னத மறுபடி ஓடவைக்கப் பாக்குறதுக்குத்தான் அந்தப் பேரு. பொறந்த கொழந்த மூச்சு விடலைன்னா அதுக்கும் இதே வார்த்தையத்தான் எழுதுவோம். அந்தக் கொழந்தைக்கு யாராச்சும் கருமாதி பண்றாங்களா?” என்றார். இதுக்கு மேல என்னங்க வெளக்கம் வேணும்? தோட்டத்துல மோட்டார் நின்னா, கெணறே தூந்துபோச்சுன்னா சொல்லுவோம்? சுவிட்சப் போட்டாத் தண்ணி வருது. அவ்வளவுதான் சமாச்சாரம்.

எனக்கு விலா எலும்பு இரண்டு உடைந்தது. சிரித்தால் வலிக்கிறது, நீங்கள் சொல்லியனுப்பியதைக் கேட்டபோது ரொம்ப வலித்தது. அன்றைக்கு எனக்கு நினைவு வந்தபோது, எட்டு நிமிஷம் அழுத்திய காவியாவுக்கு டீ டம்ளரைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. பெத்தவனுக்கு உசுரு குடுத்தவ, அதுக்காகவே கல்யாணம் நின்னு மூலையில உக்காரணும்னா என்னால தாங்க முடியாதுங்க சம்பந்தி. உங்களுக்கும் சர்க்கரை இருக்கு, பிரஷர் இருக்கு, பரோட்டாவும் விடமாட்டேங்கறீங்க. இப்படி ஒரு மருமவ வூட்டுக்கு வர்றத ஒரு வருஷம் தள்ளிப்போடறது உங்க நெஞ்சுக்கு நல்லதான்னு நீங்களே யோசிங்க.

உங்கள் வீட்டுத் தங்கச்சிக்கு என் விசாரிப்பு. மாப்பிள்ளை அருண்குமாருக்கு ஆசீர்வாதம், அது உயிரோடிருக்கும் மாமனாரின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ஒரு நாளும் சாகாத
நஞ்சப்பன்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் விட்டுத்தள்ளுங்கள். இதைப் படித்த என் மனைவி கண்ணம்மாள், “டாக்டரு சொன்னா அவரு கேக்கமாட்டாருங்க” என்கிறாள். அதனால் மறைத்து வைத்திருந்ததைச் சொல்கிறேன். அந்த எட்டு நிமிஷத்தில் உங்கள் அப்பாவைப் பார்த்தேன். காதில் பீடியைச் செருகிக்கொண்டு நல்லாத்தான் இருக்கிறார். “ஆவணியிலயே முடிங்க, நான் சொன்னேன்னு நவநீதங்கிட்டச் சொல்லுங்க” என்றார். சந்தேகம் இருந்தால் நீங்களே நேரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம். திரும்பக் கூட்டிவரக் காவியா இருக்கிறாள்.