முளைவிட்ட செய்வினைப் புழு

நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றும் லொறிகளுக்கு வழிவிடாமல் வான் வண்டிகள் நின்றன. சாவகச்சேரி, நெல்லியடி என்று எங்கிருந்தெல்லாமோ சனம் வந்திறங்கியது. சும்மாவா, கதிரவேலுச் சாமியார் செய்வினைப் புழு எடுக்கிறார். நோகிற இடத்தில் ஈர வெற்றிலையை வைத்துத் தேய்ப்பார். வெள்ளைத் துணியில் சுருண்ட புழுக்கள் விழும். மந்திரத்தின் வேகத்தில் எல்லாம் செத்தே விழும். உயிரோடு ஒன்றாவது விழுந்ததா என்று கேட்க எவருக்கும் நேரமில்லை. வரிசை அவ்வளவு நீளம்.

வாழைத் தோட்டக்காரர் இளையதம்பிக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு; பாதத்தில் புண். சாமியார் ஏழு புழு எடுத்ததும் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டார். இது புண்ணுக்குத் தெரியாதே. அது பெருவிரலைக் கறுக்க வைத்தது.

"இஞ்சாருங்கோ, உந்தக் காலை எடுத்துப்போடுவினம்," என்று அழுதாள் மனைவி நாகேஸ்வரி.

"உனக்கு நம்பிக்கை இல்லை. அதுதான் ஆறேல்லை."

சாமியார் துணியில் முடிந்து கொடுத்துவிட்ட புழுக்களை அவள் உள்ளங்கையில் போட்டுப் பார்த்தாள். கால் இல்லை, வாய் இல்லை, முதுகெல்லாம் முள். முப்பது வருடம் மிளகாயும் கத்தரியும் விதைத்த கைக்குச் சந்தேகம் வந்தது. வெறும் பால்மாத் தகரப் பேணியில் மண் நிரப்பி, ஏழையும் புதைத்துத் தண்ணீர் தெளித்தாள். எட்டாம் நாள் மூன்று புழுக்கள் இலை விட்டன.

பேணியோடும் புருஷனோடும் போய்ச் சாமியார் முன் நின்றாள்.

"சாமி, நீங்கள் எடுத்த புழு முளைச்சுப்போச்சு."

சனம் எட்டிப் பார்த்தது. சாமியார் கண்ணை மூடினார். "அது புழுவின்ரை மறுபிறப்பு, பிள்ளை."

"அப்ப இன்னொண்டு எடுங்கோ. வெற்றிலை என்னட்டை இருக்கு. தோளிலை கிடக்கிற சால்வையைக் கழட்டி வைச்சிட்டு, கையைக் கழுவிப்போட்டுத் தேயுங்கோ."

சாமியார் தேய்த்தார், தேய்த்தார். வெற்றிலை கிழிந்ததுதான் மிச்சம். இளையதம்பி அவருடைய சால்வையை எடுத்து உதறினார். ஒரு பிடி புழு கொட்டியது.

"தங்கச்சி பிரான்சிலை இருந்து அனுப்பினவள்," என்றார் சாமியார். மந்திரக் குரல் போய்ச் சொந்தக் குரல் வந்திருந்தது. "அங்கை கடலோரத் தோட்டங்களிலை தானா முளைக்கிற காட்டுச் சாமந்தி. வித்து உப்பிடித்தான் சுருண்டு கிடக்கும்."

அன்றைக்கே இளையதம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெருவிரலை எடுத்ததால் கால் தப்பியது. சனம் விடுமா? "வெட்டின விரலுக்குள்ளை புழு கிடந்ததோ?" என்று இன்னமும் வீடு தேடி வந்து கேட்கிறது.

"புழு இல்லை. விரல்தான் கிடந்தது," என்பாள் நாகேஸ்வரி. "நாங்கள் விரல் கறுத்த பிறகு யோசிச்சனாங்கள். நீங்கள் கறுக்க முன்னம் யோசியுங்கோ."